பற்றறி எங்காலை எண்டு கேட்ட வதனாக்கா

வதனாக்கா போயிட்டா.

காலமை வட்சப்பிலை தகவல். வவுனியாவிலை, நித்திரையிலேயே எண்டு போட்டிருந்தினம். நான் உடனை நம்பேல்லை. ரெண்டு பேருக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான்...

தொண்ணூறுகளின்ரை தொடக்கம். அச்சுவேலிப் பக்கம் எங்கடை பள்ளிக்கூடம். அங்கை படிச்ச நாங்கள் மூண்டு பேர் கொழும்பிலை சட்டம் படிச்சுக்கொண்டிருந்தம். மூண்டு பேரிலை வதனாக்காதான் மூப்பு.

லீவிலை ஊருக்கு வந்தால் பள்ளிக்கூடத்திலைதான் நிப்பம். இடம்பெயர்ந்து வந்து அங்கை இருந்த சனத்துக்கு மனு எழுதிக் குடுப்பம், பிள்ளையளுக்கு வகுப்பு எடுப்பம். முக்கால்வாசி வேலை வதனாக்கான்ரைதான். மகனைக் காணேல்லை எண்டு வாற தாய்மாருக்குப் பக்கத்திலை, வெறும் நிலத்திலை இருந்து எழுதுவா.

பைனல் பாஸ் பண்ணின உடனை பள்ளிக்கூடம் எங்களுக்கு ஒரு பாராட்டு விழா வைச்சது. மாலை, சால்வை, வடை, பிளேன்ரீ...

ஆனால் சண்டை நடந்த காலம். அரசாங்கத்தின்ரை கொழும்புக்குப் போய் வாற ஆக்கள் எண்டாலே அப்ப ஊருக்கு ஒரு மாதிரி. "உவை மட்டும் எப்பிடி இவ்வளவு லேசாப் போய் வருகினம்?" எண்டு பின்னாலை ஆரோ கதைச்சது எனக்குக் கேட்டது. கை தட்டினவையின்ரை கண்ணிலையும் அந்தக் கேள்வி இருந்தது.

வதனாக்காவுக்குச் சால்வை போர்த்தேக்கை பளிச்செண்டு ஒரு வெளிச்சம். சின்னனுகள் குண்டெண்டு பயந்து இருந்த வாங்குக்குக் கீழை பூந்திட்டுதுகள்.

ஒரு பெடியன்ரை கையிலை கமரா. பற்றறியிலை அடிக்கிற பிளாஷ்.

யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி கொண்டுவாறதே அரசாங்கத்தின்ரை தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். அவனுக்கு மட்டும் எங்காலை வந்தது?

அயன் பண்ணின வெள்ளைச் சேட். ஊரிலை ஒருதருக்கும் தெரியாத முகம்.

வதனாக்கா மாலையோடையே மேடையாலை இறங்கிப் போனா.

"தம்பி, உந்தப் பற்றறி எங்காலை?"

"கொழும்பாலை வந்த ஒராள் தந்தவர்."

"ஆர்?"

அவன் கமராவை உறைக்குள்ளை வைக்கப் பாத்தான்.

"உம்மை ஆர் இஞ்சை வரச் சொன்னது?"

அவன் பிரின்சிப்பலைப் பாத்தான். பிரின்சிப்பல் எங்களைப் பாத்தார். "நீங்கள் கூட்டிக்கொண்டு வந்த ஆள் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

அவ்வளவுதான். சனம் எழும்பீட்டுது. "ஆமியின்ரை உளவாளி! பிடிச்சுக் கட்டுங்கோ!" கயிறு எடுக்க ஒராள் கிணத்தடிக்கு ஓடினார். இயக்கத்திட்டைக் கட்டிக் குடுத்தால் அவன் திரும்பி வரமாட்டான் எண்டு எல்லாருக்கும் தெரியும்...

வதனாக்கா பிலிமைக் கேட்டா. அவன் கழட்டிக் குடுத்தான். வாசலுக்குக் கொண்டுபோய் முழுக்க உருவி வெயிலிலை பிடிச்சா. பிறகு சனத்துக்கு முன்னாலை வந்து நிண்டா.

"எனக்கும் உவரிலை சந்தேகம்தான். சந்தேகத்துக்கு ஆளைக் கட்டேலாது. விடுங்கோ."

"அக்கா, விசர் வேலை பாக்காதேங்கோ" எண்டு நான் காதுக்குள்ளை சொன்னன்.

கேக்கேல்லை. சந்தி வரைக்கும் அவனோடை தானே நடந்து போனா. போர்த்த சால்வையோடை. அவ பக்கத்திலை நடந்தபடியால் ஒருதரும் அவனிலை கை வைக்கேல்லை.

அடுத்த கிழமை இயக்கக்காரர் அவவைத்தான் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். ரெண்டு நாளாலை வந்தா.

"என்ன கேட்டவை?"

"உவனை ஏன் விட்டனீர் எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"மண்டபத்திலை சொன்னதைத்தான்."

அதுக்குப் பிறகு மனு எழுதுவிக்க வாற தாய்மாரிலை பாதிப் பேர் அவவிட்டைப் போகேல்லை. அவ வழமை போலை வந்து, அதே இடத்திலை பேனையோடை இருந்தா...

போன வருசம் போனிலை கதைக்கேக்கை கேட்டன். "அக்கா, அவன் ஆர் எண்டு பிறகு எப்பவாவது தெரிஞ்சுதோ?"

"இல்லையடா."

"உளவாளிதான் எண்டு நான் இப்பவும் சொல்லுவன்."

"எனக்கும் அப்பிடித்தான் படுது" எண்டு சிரிச்சா.

போங்கோ வதனாக்கா... நாளைக்கு வந்து வழியனுப்ப, இவ்வளவு தூரத்திலை இருக்கிற எனக்குத்தான் ஏலாமல் போச்சு.