கிணற்றில் வந்த கூறைச் சாயம்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. மாரி மழை விட்ட கையோடு அச்சுவேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாந்திபேதி பரவி, அரசாங்க வைத்தியனான என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். வாய்க்கு வாய் "கோதாரி" என்று திட்டுகிற சனம், உண்மையான கோதாரியான வாந்திபேதி வந்ததும் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கவில்லை. கிணற்றுத் துலாச் சத்தம் ஓய்ந்து, நாய்கூடக் குரைக்காத ஊருக்குள் சைக்கிளில் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முதலில் இறந்தது, கலியாணமாகி வந்த ஒரு இளம்பெண். சிவந்த கூறைச் சேலை உடுத்தித்தான் கொண்டுபோய் எரித்தார்கள். அந்த வீட்டுக் கிணற்றில்தான் வினை என்று எனக்குச் சந்தேகம். கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் தூளை அள்ளிக் கொட்டினேன். தண்ணீர் ஊதாவாகியது. யாரும் அள்ளாதபடி துலாவையும் கட்டிப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்ற திருப்தியோடு போனேன்.

மறுநாள் காலை புகையிலைத் தோட்டத்துக்கு அப்பாலிருந்து ஒரு அலறல். ஓடினேன். அங்கே வேறொரு வீட்டுக் கிணற்றடியில் ஒரு தாய் வாளியைப் போட்டுவிட்டு நின்றாள். வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீர் இளஞ்சிவப்பு.

"ஐயா, செத்தவள் வந்து தன்ரை கூறையைத் தோய்ச்சிட்டுப் போட்டாள்!"

அந்தத் தூள் நிறையத் தண்ணீரில் கரைந்தால் இந்த நிறம்தான் வரும். எவனோ விளையாட்டுக்குத் தூளைப் போட்டிருக்கிறான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தூள் இருந்த தகரப் பேணி என் பைக்குள் பத்திரமாக இருந்தது. அவளோ நோய்க்குப் பயந்து வாசல் படலையைக் கட்டி, காக்காய் குருவியைக்கூட வீட்டு வளவுக்குள் விடாதவள். கிணற்றை எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் வெடிப்பு ஒன்றிலிருந்து அந்த நிறம் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. நான் போட்ட மருந்து நிலத்துக்கு அடியால் நடந்து வந்திருக்கிறது. அப்படியானால் நோய் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

"தங்கச்சி, இந்தத் தண்ணியை ஆர் குடிச்சது?"

அவள் வீட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒளித்து வைத்திருந்த மகள், கண்கள் குழிவிழுந்து பாயில் கிடந்தாள். நரம்பில் உப்புநீர் ஏற்றிவிட்டு அந்தப் பாயருகிலேயே இருந்தேன். பொழுது சாய்கிற நேரம் பிள்ளை கண்ணைத் திறந்து தாயைத் தேடியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"செத்தவள் வரேல்லை, தங்கச்சி. அவள் குடிச்ச தண்ணிதான் வந்தது," என்று ஆறுதல் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்டுதானே, ஐயா?"

அதன் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ நோய்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் இன்றைக்கும் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும், மேலே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அடியில் அடுத்த வீட்டுப் படலை திறந்துதான் கிடக்கிறது என்ற பயம் என்னை விட்டுப் போகவில்லை.