ரெண்டு பேருக்கு ஒரே சீசன் கேட்ட கபூர்

கபூர் போயிட்டான்.

உத்திரமேரூர் பஜார்ல ஹார்டுவேர் கடை வெச்சிருந்த கபூர். என் ஃபிரெண்டு. காலைல கடை ஷட்டர மேல தள்ளும்போதே நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தானாம்... அவ்ளோதான்.

அவன் தம்பி போன் பண்ணி சொல்றான், எனக்கு காதுல ஏறவே இல்ல. "எந்த கபூரு?"ன்னு கேக்கறேன் நான். லூசு மாதிரி.

முந்தாநாள் கூட பேசினேங்க. இன்னிக்கு காலைல வாட்ஸ்அப்ல குட்மார்னிங் வந்து கீது அவன்கிட்டேர்ந்து. ரோஜாப்பூ போட்டு.

சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னாங்க. என் பையன் கார்ல போலாம்னான். ஜிஎஸ்டி ரோட்டுல இன்னிக்கு வண்டி நகராது, தாம்பரத்துல ட்ரெயின் ஏறிட்டேன். செங்கல்பட்டுல எறங்கி பஸ் புடிக்கணும்.

சும்மா ஒக்கார முடியல, அதான் டைப் பண்ணிக்கினு கீறேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

தெரியாதவங்களுக்கு சொல்றேன்... நானும் அவனும் ஒரே வேலைய ஆளுக்குப் பாதியா பாத்தவங்க.

டைப்பிங் முடிச்சுட்டு ரெண்டு பேரும் தாம்பரத்துல ஒரு டிடிபி சென்டருக்கு வேலை கேட்டுப் போனோம். அவங்களுக்கு வேண்டியது ஒரு ஆளு. முதலாளி எங்க மூஞ்சிய மாத்தி மாத்தி பாத்துட்டு, "ஆளுக்கு மூணு நாள் வாங்கப்பா"ன்னுட்டாரு. திங்கள், புதன், வெள்ளி நான். மத்த நாள் அவன்.

சம்பளமும் பாதிதான். எங்க நைனா பெருநகர் கிராமத்துல அடுத்தவங்க நெலத்துல கூலி வேலை செஞ்சவரு. "பஸ்ஸுக்கும் ரயிலுக்குமே சம்பளத்த குடுத்துட்டு வர்றதுக்குப் பேரு வேலையாடா? ஒரு மாசம் பாப்பேன். வூட்டுக்கு காசு வரல, அறுப்புக்கு வந்துடு"ன்னாரு.

எங்க வூட்ல வயல வுட்டு வெளிய வேலைக்குப் போன மொத ஆளு நான்.

கபூர்தான் களத்துல எறங்கினான். நேரா தாம்பரம் போற பஸ்ஸு வேணாம், செங்கல்பட்டு வரைக்கும் பஸ்ஸு, அங்கேர்ந்து ட்ரெயினு. வாரத்துக்கு மூணு நாள் போனாலே மாச சீசன் டிக்கெட்டுதான் லாபம்னு விசாரிச்சுக்கினு வந்தான்.

அதோட வுட்டானா?

"டேய் டேவிட்டு, மீதி நாளெல்லாம் உன் சீசன் வூட்ல தூங்கும். என்னுதும் தூங்கும். எதுக்குடா ரெண்டு? ஒண்ணே எடுப்போம். நாம என்னிக்கும் சேந்து போறதே இல்லியே!"

சீசனுக்கு போட்டோ வெச்ச கார்டு வேணும். அதுக்கும் அய்யா ஐடியா வெச்சிருந்தாரு. என்ன ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கினு போயி, ஸ்டாம்ப் சைஸ்ல ரெண்டு தலையும் தெரியற மாதிரி ஒரு போட்டோ! கன்னத்தோட கன்னம் ஒட்டிக்கினு. "மூச்சு வுடாதடா, ஃபிரேம வுட்டு வெளிய போறே"ன்னு என்னத் திட்டறான்.

செங்கல்பட்டு கவுன்ட்டர்ல இருந்தவரு கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. "இன்னாப்பா இது, கல்யாண போட்டோவா?"

இவன் சீரியஸா வெளக்கறான்... சார், திங்கக்கிழமை இவன், செவ்வாய்க்கிழமை நானு, கணக்கு கரெக்டா வரும் சார்... பின்னாடி க்யூ மொத்தமும் சிரிக்குது. "ஒரு கார்டுக்கு ஒரு தலைதான்யா, போ!"ன்னு தொரத்தி வுட்டாரு.

வெளிய வந்து என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு சொல்றான்: "உன் தல பெருசு. அதான் ஒத்துக்கல."

பாவி.

தனித்தனியா சீசன் எடுத்தோம். மாசக் கடைசில கையில கொஞ்சம் நின்னுது. நைனா அப்புறம் அறுப்பப் பத்திப் பேசல.

ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை கடைக்கு வரச் சொன்னான். அப்ப அது அவங்க அத்தா கடை.

"முதலாளி இனிமே ஒரே ஆளு போதும்ங்கறாரு. தினமும் வரணுமாம். உன்னத்தான் சொன்னாரு."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. "அப்ப நீ?"

"எனக்கு பேஜாரு வுட்டுது. கடை கீது, ஒக்காந்துக்கறேன். நீ அதே சீசன்ல ஆறு நாளும் போ. இருக்கறதுலயே சீப்பான டிக்கெட்டு இதான்டா"ன்னு சிரிச்சான்.

நானும் சிரிச்சேன். நம்பிட்டேங்க.

அந்த வேலைலதான் என் தங்கச்சிக்கு கல்யாணம் பண்ணேன். இப்ப நான் நடத்தற சின்ன பிரஸ்ஸும் அங்க கத்துக்கிட்டதுதான்.

இன்னிக்கு ப்ளாட்ஃபார்ம்ல நின்னுக்கினு அந்தப் பழைய முதலாளிக்கு போன் போட்டேன், விஷயத்த சொல்றதுக்கு.

கேட்டுட்டு சொல்றாரு... "டேவிட்டு, அன்னிக்கு நான் இருக்கச் சொன்னது அவனத்தான்யா. அவன் கை உன்னவிட வேகம். 'எனக்கு கடை கீது சார், அவன வயலுக்கு அனுப்பிடுவாங்க, அவனுக்கே குடுங்க'ன்னு ஒத்தக் கால்ல நின்னான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

ட்ரெயின் வந்து நின்னதே தெரியல எனக்கு. யாரோ ஒரு பொண்ணு, "அங்கிள், ஏறலியா?"ன்னு கேட்டுச்சு.

இத்தினி வருஷம்டா. எவ்ளோ டீ குடிச்சிருக்கோம். எவ்ளோ சண்ட போட்டிருக்கோம். ஒரு தடவ கோவத்துல, "நான் வுட்டுக்குடுத்த வேலைடா அது"ன்னு வாய் தவறியாவது வந்திருக்கணுமே...

எனக்கு அழுகை வரல. கோவம்தான் வருது. யார்கிட்ட போயி சண்ட போடறது இப்ப?

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி சிக்னல்ல நிக்குது வண்டி. அவன் தம்பிகிட்ட போன்ல கெஞ்சிக்கினு கீறேன், நான் வர்ற வரைக்கும் மூஞ்சிய மூடிடாதீங்கப்பான்னு.

கொஞ்ச நேரம் இருடா கபூரு. வந்துக்கினே கீறேன்.