வெள்ளச்சியின் நெற்றிச் சுழி

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் தரகர் சிராஜுதீன் ஒரு மாட்டை நல்ல மாடு என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் வாங்குகிறவன் பக்கத்துத் தரகர். கேரளாவிலிருந்தும் சாத்தான்குளம் பக்கமிருந்தும் வருகிறவர்கள் அவரைத்தான் முன்னால் நடக்கவிடுவார்கள். அவர் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், பிறகு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். முதுகு பள்ளம். பின்னங்கால் ஒன்றோடொன்று இடிக்கிறது. மடி அடுத்த ஈத்துக்கே தொங்கிவிடும். அதற்கும் விற்கிறவன் மசியவில்லை என்றால் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது. மாட்டின் நெற்றி முடியைத் தடவிவிட்டு, "இது குடியைக் கெடுக்குத சுழில்லா? இதைக் கட்டுன வீடு வெளங்கியிருக்கா வே?" என்று பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசினால் அது பைய இறங்கி வந்துவிடும். அவர் எந்த மாட்டை அதிகமாகத் திட்டுகிறாரோ அதுதான் அன்றைக்குச் சந்தையில் உசத்தியான மாடு என்பது, சந்தை வாசலில் டீக்கடை போட்டிருக்கும் தேவதாசன்வரைக்கும் தெரியும்.

தொழில் புத்தி சந்தையோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மனைவி சபீதா வைத்த மீன் ஆணத்தை வழித்துத் தின்றுவிட்டு, "உப்பு கூடிப்போச்சு" என்பார். ஒரே மகள் தஸ்மியா கால்நடைப் படிப்பில் முதலாவதாக வந்தபோது தெருவே வந்து வாழ்த்தியது. அவரோ, "மாட்டுக்கு ஊசி போடுத படிப்புக்கு இம்புட்டு ஆட்டமா?" என்று கேட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். சிராஜுதீன் காக்கையைவிட விவரமானவர். பொன் என்று வாய்விட்டுச் சொன்னால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தார்.

அப்படியும் நார்வே தூக்கிக்கொண்டு போய்விட்டது. மேற்படிப்புக்கென்று போனவள் படித்து முடித்தும் திரும்பவில்லை. இந்தக் கோடையில் வாப்பாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினாள். "லீவுல வாங்க வாப்பா, இங்கன உள்ள பழைய பண்ணையெல்லாம் சுத்திக் காட்டுதேன்" என்றாள். சபீதாவுக்கு முட்டுவலி, அதனால் அவர் மட்டும் கிளம்பினார். வாசலில் வைத்து அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "வரும்போது புள்ளையோட வாங்க. பேட்டையில மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கேன்." அவருக்கும் அதுதான் ஆசை. மகள் இல்லாத வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்பதை அவர் சபீதாவிடம்கூடச் சொன்னதில்லை.

நார்வேயில் பட்டணத்து ஜனங்கள் லீவு விட்டால் குடும்பத்தோடு பண்ணைகளில் போய்த் தங்குகிறார்கள். பால் கறக்கிறார்கள், தொழுவம் கூட்டுகிறார்கள், புல்லைப் புரட்டிக் காயப்போடுகிறார்கள். "காசு குடுத்துச் சாணி அள்ளுத சனத்தை இப்பத்தான் பாக்கேன்" என்றார் சிராஜுதீன். முதலில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போனார்கள். அங்கே தந்த பழுப்புப் பாலாடைக்கட்டி இனித்தது. அவர் ஒரு துண்டைத் தின்றார், இன்னொரு துண்டையும் தின்றார், பிறகு மட்டம் என்றார்.

அதற்குப் பிறகு போனதுதான் ஓலாவின் பண்ணை. மலைச்சரிவில் பழைய மரவீடு, கூரைமேல் பச்சைப் புல். அறுத்த புல்லைக் கம்பிகளில் துணி காயப்போடுவதுபோல் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மாடுகள் மேய்க்க ஆளில்லாமல் மணியோடு மலைமேல் திரிந்தன. தஸ்மியா படிக்கும் காலத்திலிருந்தே லீவுக்கு லீவு வேலை பார்க்கிற பண்ணை இது. ஓலாவ் எழுபதைத் தாண்டிய நெட்டை மனிதர், மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு. வாசலில் அவர் தஸ்மியாவைக் காட்டி ஏதோ சொன்னார். "நான் நல்லா வேலை பாக்கேனாம்" என்று அவள் கூச்சத்தோடு மொழிபெயர்த்தாள்.

"இவளா? வீட்டுல ஒரு தம்ளரைக் கழுவிக் கவுத்த மாட்டா. சரியான சோம்பேறின்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். ஓலாவ் தகப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் ஓலாவ் அவர்களைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தனியாக ஒரு மாடு நின்றது. வெள்ளை உடம்பு, இரண்டு விலாவிலும் கறுப்பு, தலை ஈத்து முடிந்திருந்தது. "இது வெள்ளச்சி வாப்பா. நான் வச்ச பேரு. கன்னுல இருந்து நான் பாத்து வளத்தது" என்றாள் தஸ்மியா. ஓலாவ் மாட்டின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மாடு எப்படி என்று கேட்டார்.

இப்படி ஒரு மாட்டைச் சிராஜுதீன் ஆயுசில் கண்டதில்லை. கண்ட உடனே வாய் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. முதுகு, கால், மடி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தஸ்மியா ஒவ்வொன்றாக அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓலாவ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சிராஜுதீன் அதோடு விட்டிருக்கலாம். கையை நீட்டி நெற்றி முடியைத் தடவினார். "இது குடியைக் கெடுக்குத சுழி. இந்தக் கன்னு பொறந்த வீடு வெளங்காதே!"

தஸ்மியாவின் குரல் தடுக்கியது. அவள் வாப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு சொல்லிவிட்டாள். ஓலாவ் மாட்டின் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னளா, மனுசன் இப்படிப் போறாரு?"

"அவரு பெண்சாதி மௌத்தான வாரத்துல பொறந்த கன்னு வாப்பா இது. அடக்கம் பண்ணிட்டு வந்து இந்தக் கன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் அழுதாரு."

"அட பாவி மவளே, அதை எதுக்குச் சொன்ன? கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதா?"

"நீங்க சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும். உன் வாப்பா மாடு தெரிஞ்சவரு, அவரு வாயால கேக்கணும்னு சொல்லித்தான் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு." பிறகு, அதுவரை சொல்லாததையும் சொன்னாள். ஓலாவுக்கு முட்டி போய்விட்டது. வருஷம் முழுக்கப் பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவளும் கேட்டிருக்கிறாள், பக்கத்துப் பண்ணைப் பையன் ஒருவனும் கேட்டிருக்கிறான். யாருக்கு என்று நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார். "குடியைக் கெடுக்குத மாட்டை வளத்தவளுக்கா இனிக் குடுப்பாரு? இது கெடைக்கலைன்னா எனக்கு விசா முடியுது. ஊருக்குத்தான் வரணும்." அவள் அழவில்லை. புல் அள்ளுகிற முள்கம்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

உள்ளதைச் சொன்னால், சிராஜுதீனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சண்டை போட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு நாள் இருந்தால் போதும், மகள் தானாக வீட்டுக்கு வந்துவிடுவாள். மத்தியானம் சபீதா போன் பண்ணினாள்.

"என்னங்க, பேசுனீங்களா? வாராளா?"

"வந்துருவா போலத்தான் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவள் அழுதாள். அவர் போனை வைத்துவிட்டுப் புல் கம்பிகளுக்கு நடுவில் நின்றார். சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

சாப்பாட்டு மேசைக்கு ஓலாவ் வரவில்லை. தங்க வந்திருந்த பட்டணத்துக் குடும்பம் சிரித்துப் பேசிச் சாப்பிட்டது. தஸ்மியா எல்லோருக்கும் பரிமாறினாள், வாப்பா தட்டிலும் வைத்தாள், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிற்பகல் முழுக்க அவர் அவளைப் பார்த்துக்கொண்டே திரிந்தார். கைவிட்டுப் போகப்போகிற தொழுவத்தை அவள் ஒரு மூலை விடாமல் தேய்த்துக் கழுவினாள். நுணலும் தன் வாயால் கெடும். இந்தத் தவளை தன் வாயால் பிள்ளையைக் கெடுத்துவிட்டதே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அடுத்த நிமிஷம், கெட்டால் என்ன, வீட்டுக்கு வரட்டுமே என்று மனசு மாறியது. இப்படியே மாறி மாறி அடித்து அவரைக் களைக்க வைத்தது.

சாயங்காலம் தஸ்மியா சரிவின் விளிம்பில் நின்று மாடுகளை அழைத்தாள். அந்த ஊர்ப் பெண்கள் அழைக்கிற மாதிரி உச்சத்தில் ஒரு நீண்ட குரல். வீட்டில் அவள் இப்படித் தொண்டை திறந்து அவர் கேட்டதில்லை. மேலே மணிகள் அசைந்தன. ஒவ்வொன்றாக மாடுகள் இறங்கி வந்தன, வெள்ளச்சி எல்லாவற்றுக்கும் முன்னால். அப்போது ஓலாவ் கதவைத் திறந்து வெளியே வந்தார். வெள்ளச்சி வழக்கம்போல அவரிடம் போய் நெற்றியை நீட்டியது. அவர் கை பாதி தூரம் வந்தது. பிறகு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு விலகி நின்றார். மாடு நெற்றியை நீட்டியபடியே நின்றது.

அதற்குமேல் சிராஜுதீனால் பொறுக்க முடியவில்லை. "ஏளா, இங்கன வா. நான் சொல்லுததை அவருகிட்டச் சொல்லு."

அவள் வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"சுழியில ஒண்ணும் கிடையாது. அது அல்லா படைச்ச முடி, அவ்வளவுதான். விலை குறைக்கதுக்காவச் சந்தையில நான் சொல்லுத பொய்யி. எந்த மாடு மேல எனக்கு ஆசை வருதோ அதைத்தான் நான் திட்டுவேன். இந்த மாட்டைக் கண்டதும் பழக்கத்துல வாய் ஓடிட்டு. இந்த மாதிரி மாட்டை நான் தொட்டதே கெடையாது. உங்க பெண்சாதி மௌத்தானதுக்கும் இந்தச் சீவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என்னை மாப்புப் பண்ணணும்னு சொல்லு."

அவள் சொன்னாள். ஓலாவ் அவரையே உற்றுப் பார்த்தார். கோபமா வேறு எதுவுமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். கடைசியில் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்காரு?"

"ஒண்ணுமில்ல வாப்பா."

"கேட்டதைச் சொல்லுளா!"

"ஆசைப்பட்டதைத்தான் திட்டுவேன்னு சொல்லுதீரே, வந்ததுல இருந்து உம்ம மகளையும்தான திட்டிக்கிட்டு இருக்கீரு, அப்போ அவளைப் பத்தி உள்ளது என்னன்னு கேக்காரு."

அவளா, பரவாயில்லை என்று சிராஜுதீன் சொன்னால் போதும், மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதுகூட வேண்டாம், சிரித்து மழுப்பினால் போதும். சபீதாவின் அழுகை காதில் கேட்டது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று அவள் தயாராகிவிட்டது தெரிந்தது. அந்தத் தயாரான முகம்தான் அவரை உடைத்துவிட்டது.

"எழுதி வச்சுக்கிடுத மாதிரி நல்லாக் கேட்டுக்கச் சொல்லு. இவ சின்னதுல, காலு வலிச்ச மாட்டை நான் ஒருத்தன்கிட்டத் தள்ளிவிடப் பாத்தேன். இவ ஓடியாந்து, மாமா, அது நொண்டுதுன்னு சொல்லிட்டா. அந்த ஏவாரம் போச்சு. இன்னைக்குக் காலையில, தனக்கு வேலை போயிரும்னு தெரிஞ்சும் நான் சொன்ன கேடுகெட்ட பேச்சை ஒரு சொல்லு மாத்தாமச் சொன்னா. பொய்யி சொல்ல வராது இவளுக்கு. மாட்டுக்கு ஒரு நோவுன்னா சோறு எறங்காது. இவ கையில விட்டுட்டு எங்க வேணும்னாலும் நிம்மதியாப் போகலாம். என் ஆயுசுல எனக்குக் கெடைச்சதுலயே நல்லது இவதான். நான் இதை அவகிட்டயே சொன்னதில்ல."

தஸ்மியா ஓலாவைப் பார்த்து இரண்டே வார்த்தை சொல்லி நிறுத்திக்கொண்டாள். பாஷை தெரியாவிட்டால் என்ன, அளவு தெரியாதா தரகருக்கு?

"எங்க, நான் இம்புட்டுச் சொல்லியிருக்கேன், நீ ரெண்டு சொல்லுல முடிச்சிட்ட?"

"போதும் வாப்பா."

"போதாது. திட்டுனதை எல்லாம் முழுசாச் சொன்னேல்லா? இதையும் முழுசாச் சொல்லு. ஒரு சொல்லு குறைக்கப்பிடாது."

அவள் சொன்னாள். கண்ணீர் ஓட ஓட, தன்னைப் பற்றித் தன் வாயாலேயே, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். முடிந்ததும் ஓலாவ் வெள்ளச்சியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார், ஏதோ சொன்னார்.

"நாளைக்கு வரைக்கும் யோசிக்க ஒண்ணுமில்லையாம் வாப்பா."

அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள். சிராஜுதீன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபீதாவின் போன் வந்தது. இரண்டாவது தடவை அடித்தபோது எடுத்தார்.

"என்னங்க, மாப்பிள்ளை வீட்டுல கேக்காங்க. எப்போ கூட்டிட்டு வாரீங்க?"

"அவ வரமாட்டா."

"மத்தியானம் வந்துருவான்னு சொன்னீங்களே? என்ன ஆச்சு, என்னத்தப் பேசித் தொலைச்சீங்க?"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அவளைப் பத்தி உள்ளதைச் சொல்லிட்டேன் சபீதா. அதுக்குப் பொறவு அவளை யாரு விடுவா?"