இருபத்துமூன்று கல்லும் ஒரு தினக்கூலியும்

ராக்கப்பனுக்குப் பானுமதி டீச்சர் மேல் ஒன்பது வருஷக் கோபம். அந்தமானின் லாங் ஐலண்டில் அது தெரியாத ஆள் கிடையாது. தெரியாதவன் எவனாவது படகுத்துறை ஜெட்டியில் இறங்கினால், அவன் மூட்டையைக் கீழே வைப்பதற்குள் ராக்கப்பனே சொல்லிவிடுவான். "அந்தப் பொம்பள மட்டும் கல்லுக்குப் பெயிண்ட் அடிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு நான் பர்மனெண்டு."

பயணிகள் ஏறும் போட்டு வந்தால் அதைக் கயிறு பிடித்துக் கட்டுவது, டிக்கெட் வரிசையை விசில் ஊதி நேராக வைப்பது, இதுதான் அவன் வேலை. நாலாம் கிளாஸ் படிப்பு. இருபத்தியோரு வருஷமாகத் தினக்கூலி மஸ்தூர்.

டீச்சர் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டாள்? போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் முருகானந்தம் ஒரு மாச லீவில் மெயின்லேண்டு போனான். அந்த லீவு இன்னும் முடியவில்லை. அவள் ஜெட்டியில் நின்று அழவில்லை. பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முப்பது வருஷத்தில் அவளும் பர்மனெண்டு ஆகவில்லை. ஆனால் அதை ஊருக்கெல்லாம் விசில் ஊதிச் சொல்லவில்லை.

டிசம்பர் லீவு விடும்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பரிசு கொடுப்பது அவள் வழக்கம். பரிசுப் பெட்டி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். வரும். கிறிஸ்துமஸ் பெட்டி ஹோலிக்கு வரும். ஒரு வருஷம் பெட்டி நிறையப் படம் போட்ட அட்டைகள்: ரயில், ஒட்டகம், பனியில் செய்த மனுஷன். ரயிலைப் பார்த்த பிள்ளைகள் டீச்சரிடம், "தீதி, இந்த போட்டு ஏன் தரையில போகுது?" என்று கேட்டன. அதோடு டீச்சர் பெட்டியை நம்புவதை விட்டுவிட்டாள்.

அந்த வருஷம்தான் கல். சிப்பி, பவளம் எடுத்தால் கேஸ் போடுவார்கள் என்று நாலா ஓடையில் உருண்டைக் கல்லாகப் பொறுக்கினாள். ஜெட்டித் தூணுக்கு அடிக்க வைத்திருந்த ஆரஞ்சுப் பெயிண்டில் அரை டப்பா காணாமல் போனது. இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு இருபத்துமூன்று கல். முதல் கல்லில் ஒரு புள்ளி, கடைசிக் கல்லில் இருபத்துமூன்று புள்ளி. "லீவுல எல்லாரும் ஒண்ணா சேர்ந்து வரிசையா அடுக்கி விளையாடுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

வரிசை என்றால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே வரிசைதான். இங்கே டிக்கெட் வரிசையில் ஆள் நிற்பதில்லை, கல் நிற்கும். முந்தின சாயங்காலமே கவுண்டருக்கு முன்னால் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அடுத்தவன் கல்லை நகர்த்துவது அடுத்தவன் சட்டைப் பையில் கைவிடுவது மாதிரி. போட்டு ஹாரன் அடிக்கும்வரை கல்லுக்குத்தான் மரியாதை.

மறுநாள் காலையில் ராக்கப்பன் வந்து பார்த்தால் கவுண்டருக்கு முன்னால் இருபத்துமூன்று ஆரஞ்சுக் கல். அதற்குப் பின்னால் ஜனங்கள். ஜனங்களுக்கு நடுவில், அவனைப் பர்மனெண்டு ஆக்கலாமா என்று பார்க்க வந்திருந்த ஆபீசர்.

"யே பத்தர் கிஸ்கா ஹை? ஹட்டாவ்!" என்றார் ஆபீசர், யார் கல் இது, எடு என்று.

"ஆள் வரும் சாப்," என்றான் ராக்கப்பன், விறைப்பாக. விதியை எப்படிக் காப்பாற்றுகிறான் என்று ஆபீசர் பார்க்கட்டுமே என்று நினைத்தான். பார்த்தார். வழக்கமாக ஹாரன் அடித்து அரைமணி நேரம் கழித்துத்தான் போட்டு நகரும். அதற்குள் கல்லை ஒதுக்கி எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துவிடலாம். அன்றைக்கு ஹாரன் அடித்தது, போட்டு கிளம்பிவிட்டது. லாங் ஐலண்டில் போட்டு நேரத்துக்குக் கிளம்பியது அந்த ஒரு நாள்தான்.

அப்புறம்தான் டீச்சர் பிள்ளைகளோடு வந்தாள். ஒவ்வொன்றும் ஓடிப்போய்த் தன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. "பாத்தியா ராக்கப்பா, ஒரு கல்லுகூட மாறல!" என்றாள், பூரித்துப்போய்.

அடுத்த போட்டுக்கு ஆபீசர் இரண்டு நாள் காத்திருந்தார். போகும்போது ஒரே வரி எழுதிவிட்டுப் போனார்: இவருக்கு வரிசை நடத்தத் தெரியவில்லை.

விஷயம் தெரிந்து டீச்சர் அவன் வீட்டுக்கே வந்தாள். "இந்தா, உனக்கும் ஒரு கல்லு."

"எதுக்கு? என் பைல் பறந்துடாம மேல வைக்கவா?"

"கோபத்துல நல்லாத்தான் பேசுற. நாளைக்குப் பால்வாடிக்கு வா, வேலை இருக்கு."

போகக்கூடாது என்றுதான் இருந்தான். ஒன்பது டிசம்பரும் போனான். பர்மாப் பக்கமிருந்தும் தாய்லாந்துப் பக்கமிருந்தும் கரையில் ஒதுங்கும் ஒற்றைச் செருப்புகளை அவன் கத்தியால் மீனாக வெட்டுவான். பிள்ளைகள் அதைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு நிறம் பிரிப்பார்கள், சின்னது பெரியது பிரிப்பார்கள். பாட்டில் மூடியில் கிலுகிலுப்பை செய்தான். ஒருதரம் கல்லுக்குப் புள்ளி வைக்கும் வேலை அவனுக்கு வந்தது. இரண்டு கல்லில் பதினேழு பதினேழு புள்ளி வைத்துவிட்டான். இரண்டு பிள்ளைகள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டன. அன்றிலிருந்து டீச்சர் அவனைத் திட்டும்போதெல்லாம் "போடா பதினேழு" என்பாள். வலை நூலில் விசிலுக்கு ஒரு கயிறும் பின்னிக் கொடுத்தாள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் அவளைப் பற்றி ஊரெல்லாம் குறை சொன்னான்.

போன டிசம்பரில் புது ஆபீசர் வந்தார். கூடவே புது நோட்டீஸ்: வரிசையில் கல், செருப்பு, பை எதுவும் வைக்கக்கூடாது. ராக்கப்பன் கையாலேயே ஒட்டினான். வருகிற சித்திரையில் அவனுக்கு ஐம்பது; இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. "கல் எல்லாம் சாஃபா இருந்தா பர்மனெண்டு" என்று ஆபீசரே சிரித்துக்கொண்டு சொன்னாராம், கவுண்டர் பக்கம் ஒரு கல்லும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் என்று அர்த்தம்.

ஆபீசர் திரும்பிப் போகும் அதே போட்டில் டீச்சரும் போர்ட் பிளேர் போகவேண்டியிருந்தது. நெஞ்சுவலி. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்காக லீவுப் பரிசு நிற்குமா? முந்தின நாளே கல்லைக் கொடுத்துவிட்டாள்.

காலையில் பிள்ளைகள் கவுண்டருக்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கல்லை அடுக்கிக்கொண்டிருந்தன. கடைக்கார நசீருதீன் பாய் மகள் மர்ஜானாதான் தலைவி. ஆபீசர் அவள் எதிரே போய் நிற்க, அவள் நிமிர்ந்து, "அங்கிள், ஆப்கா பத்தர் கஹாங் ஹை?" என்று கேட்டாள். அவரிடம் கல் இல்லை.

ஆபீசர் ராக்கப்பனைப் பார்த்தார். ராக்கப்பன் டீச்சரைப் பார்த்தான். அவள் பையின் மேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல். திட்டியிருந்தால் கல்லை எத்தியிருப்பான்.

பதினாறில் எண்ணிக்கை நின்றுபோனது. பதினேழாம் கல்லுக்காரன் இன்னும் வரவில்லை.

"ராக்கப்பன், ஹட்டாவ்," என்றார் ஆபீசர்.

விசிலை வாய்வரை கொண்டுபோனான். அப்புறம் கீழே விட்டான். "சாப், கின்தி பாக்கி ஹை. எண்ணி முடிக்கட்டும்."

பதினேழு மூச்சிரைக்க ஓடிவந்தது. இருபத்துமூன்று வரை ஒரே கத்தல். ஹாரன் அடித்தது, போட்டு தன் வழக்கப்படி அரைமணி நின்றது. எல்லாருக்கும் டிக்கெட் கிடைத்தது, ஆபீசர் உட்பட. ஏறுவதற்கு முன்னால் அவர் சின்ன டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரே போட்டில் இரண்டு சேதி வந்தன. ராக்கப்பன் கடைசிவரை தினக்கூலிதான் என்பது ஒன்று. ஆஸ்பத்திரியில் டீச்சர் போய்விட்டாள் என்பது இன்னொன்று. முதல் சேதியைத்தான் அவன் சத்தமாகப் படித்தான்.

கோபம் தீர்ந்துதா என்று யாராவது கேட்டால், எப்படித் தீரும் என்பான். அன்றைக்குப் போட்டில் ஏறும் பலகையில் கால் வைத்த பிறகாவது அந்தப் பொம்பள சும்மா போனாளா? அவன் கைகொடுத்து ஏற்றிவிட, திரும்பி நின்று வேலை வைத்துவிட்டுத்தான் போனாள்.

"ராக்கப்பா, நசீருதீன் பாய் பையன் அஸ்லம் ஜனவரியில சேர்றான். அவனுக்குக் கல்லு இல்ல. இருபத்திநாலு புள்ளி, நீயே வை. மர்ஜானாவப் பக்கத்துல வச்சுக்கிட்டு எண்ணு. இன்னொரு பதினேழு ஆக்கிடாத."