குழாயைத் திறந்து பார்த்தவர்

எண்பதுகளில் நான் அரூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். சேலம் பஸ்ஸுக்கு அடிக்கடி வரும் ஒரு பெரியவரைக் காட்டி, பெரிய நகரமொன்றில் மேயராக இருந்தவர் என்றார் ஒரு கண்டக்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கசங்கிய வெள்ளைச் சட்டை, தேய்ந்த ரப்பர் செருப்பு. வந்ததும் நேராகக் குடிநீர்க் குழாய்க்குப் போவார். திறப்பார், தண்ணீர் விழுவதைப் பார்ப்பார், ஒரு வாய்கூடக் குடிக்காமல் மூடிவிடுவார்.

ஒருநாள் பஸ் தாமதம். கேட்டேவிட்டேன்.

"குடிக்கவும் மாட்டேங்கறீங்க, எதுக்குங்க தொறக்கறீங்க?"

"வருதான்னு பாக்கறேங்க" என்றவர், அவராகவே தொடர்ந்தார். "மேயரான புதுசுல ஒரு குடிசைப் பகுதிக்குக் குழாய் போட்டோம். திறப்பு விழா வந்துருச்சு, மெயின் லைன் வரலீங்க. லாரித் தண்ணிய மேல்தொட்டில ஊத்தி வச்சு, அங்கியும் சங்கிலியுமா நான் போய்த் தொறந்தேன். ஒரு பொம்பள அந்தத் தண்ணிய எங் காலுல ஊத்திக் கும்புட்டுச்சு."

"அப்பறம் லைன் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. அந்தப் பொம்பள கும்புட்டப்ப எடுத்த போட்டோவ வச்சு அடுத்த எலெக்சன்ல ஜெயிச்சேன்."

அந்தக் கோடையில் எங்கள் குழாயும் வறண்டது. அவர் திறந்தபோது காற்றுதான் சீறியது. பக்கத்தில் ஒரு பெண் குடத்தோடு நின்றிருந்தாள்.

"நாளைக்கு வந்துரும்மா" என்றார்.

சொன்ன மறுகணமே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கையை எடுக்காமலேயே பஸ் ஏறினார். பிறகு அவர் வரவேயில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பெண் இரண்டு குடங்களோடு வந்து நின்றாள்.