யுட்டாவுக்கென்று தனியாகப் பிசைந்த மாவு

அந்த வருடம் ரோஸ்விதாவுக்குப் பதினொரு வயது. தங்கை யுட்டாவுக்கு ஏழு. கிழக்கு ஜெர்மனியில், சாக்சனியின் மலையடிவாரத்தில், துண்டு நெய்யும் ஆலையை நம்பிப் பிழைத்த சிற்றூர் ஒன்றில் அவர்கள் வீடு இருந்தது. 1957 வசந்த காலத்தில் யுட்டா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. ஒரு நாள் வகுப்பிலேயே சரிந்து விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆறு வாரம் கழித்துச் சர்க்கரை நோய்க்காரியாக வீடு திரும்பினாள்.

அதற்குப் பிறகு வீடே யுட்டாவைச் சுற்றித்தான் நடந்தது. அம்மா ஹெட்விக் காலையும் மாலையும் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து அவள் தொடையில் குத்துவாள். ரொட்டியைத் தராசில் நிறுத்து வைப்பாள். ரோஸ்விதாவின் தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும்போதுகூட அம்மாவின் கண் கடிகாரத்தில் இருக்கும்.

கிறிஸ்துமஸ் மசாலா பிஸ்கட்டுக்கு மாவை அக்டோபரிலேயே பிசைந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். தேனும் ரை என்ற தானியத்தின் மாவும் சேர்த்து, கிராம்பு, பட்டை, ஏலக்காய், சோம்பு எல்லாம் இடித்துப் போட்டு, ஜாடியில் அடைத்து நிலவறைப் படியில் ஊறவைப்பார்கள். அந்த வருடம் படியில் இரண்டு ஜாடிகள் இருந்தன. சின்னது யுட்டாவுக்கு. அதில் தேனும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மருந்துக் கடையில் வாங்கிய சாக்கரின் மாத்திரையைக் கரைத்து ஊற்றியிருந்தாள் அம்மா. சுட்டு எடுத்ததும் யுட்டா ஒன்றைக் கடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தகரத்தை நக்கியதுபோல் ஒரு கசப்பு நாக்கில் ஏறியது. மிச்சத்தை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கும்மா" என்றாள். அம்மா திரும்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள்.

டிசம்பர் ஆறாம் தேதி நிக்கோலாஸ் திருநாள். பிள்ளைகள் வாசலில் வைத்த காலணிகளுக்குள் பரிசு வந்திருக்கும். ரோஸ்விதாவின் காலணி நிறைய, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பாகு பூசிய பிஸ்கட்டுகள். யுட்டாவுக்கு அக்ரூட் கொட்டைகளும், எல்லைக்கு அந்தப்புறம் மேற்கு ஜெர்மனியிலிருந்து அத்தை அனுப்பிய பன்னிரண்டு வண்ணப் பென்சில்களும். வரைகிறவள் ரோஸ்விதா. அத்தைக்குக் கடிதம் எழுதிப் பென்சில் கேட்டவளும் அவள்தான்.

"அவளுக்கு வேற என்னத்தைடி குடுக்க முடியும்?" என்றாள் அம்மா. "உனக்குத்தான் தின்ன முடியுதே."

அன்று மாலையே கட்டிலுக்குப் பின்னால் பேரம் படிந்தது. ஒரு பென்சிலுக்கு ஒரு பிஸ்கட். முதலில் கேட்டது யார் என்பது பிற்பாடு ரோஸ்விதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அவளேதான். "நீலத்தைக் குடு, இதை எடுத்துக்க" என்றாள். யுட்டா பிஸ்கட்டை ஓரத்திலிருந்து எலி மாதிரி கொறித்துத் தின்றதையும், பாகு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக நக்கியதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாறு நாளில் காலணியில் இருந்தவை தீர்ந்தன. சிவப்பும் பழுப்பும் இன்னும் கைக்கு வரவில்லை. அம்மா அலமாரி மேல் வைத்திருந்த பெரிய டப்பாவிலிருந்து ரோஸ்விதா எடுக்க ஆரம்பித்தாள். யுட்டா பென்சில் தீர்ந்த பிறகும் கை நீட்டினாள். அதற்கும் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு யுட்டாவை எழுப்ப முடியவில்லை. மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை வந்தது. ஆலையின் லாரியில் அப்பா அவளைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

தலையணைக்கு அடியில் துகள்கள் இருந்தன. டப்பா பாதி காலி. மூன்று வாரம் கழித்து, மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த யுட்டாவிடம் அம்மா கேட்டாள். அவள் மறைக்கவில்லை.

"ரோஸிதான் குடுத்தா. பென்சிலுக்குப் பதிலா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். ரோஸ்விதா கையுறைகளைப் பிசைந்துகொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"நான் குடுக்கல."

"அப்போ பென்சில் எங்க?" என்றார் அப்பா யுட்டாவிடம்.

"ரோஸிகிட்ட."

"எங்கிட்ட இல்ல. பையைப் பாத்துக்குங்க."

இருக்காதுதான். மருத்துவமனைக்கு யுட்டா போன மறுநாளே பென்சில்களை ஆலைக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் ரோஸ்விதா வீசியிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, பள்ளியில் யாரிடமோ பென்சிலைக் கொடுத்து இனிப்பு வாங்கித் தின்றிருக்கிறது, அலமாரியில் ஏறித் திருடியிருக்கிறது, இப்போது அக்காவின் மேல் பழி போடுகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் இது பொருந்திப் போயிற்று. யுட்டா இரண்டாம் முறை சொல்லவில்லை. அக்காவையே பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வீட்டில் வைத்துக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளை என்று மருத்துவரும் முடிவு செய்தார். வடக்கே, கடலோரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. ஏப்ரலில் யுட்டாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நல்ல இடம்தான். எட்டு வயதிலேயே தானே ஊசி போடக் கற்றுக்கொண்டாள். ஆனால் எட்டு வருடம் அங்கேயே வளர்ந்தாள். கோடையில் ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு முறையும் பேச்சு வழக்கு கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் வடக்கத்திக்காரியாகவே ஆகிவிட்டாள். அவள் வருகிற அன்று அம்மா அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். யுட்டா அதைப் பார்த்தும் பாராததுபோல் இருப்பாள்.

பள்ளி முடிந்ததும் துறைமுக நகரம் ஒன்றில் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள் யுட்டா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரோஸ்விதா துண்டு ஆலையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பலகையில் உட்கார்ந்தாள். லோதார் என்ற ரயில் கார்டைக் கட்டிக்கொண்டாள். கெர்ஸ்டின் என்று ஒரு மகள் பிறந்தாள். சித்தி பிஸ்கட் திருடிய கதையைக் குடும்பத்தில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். லோதார் நன்றாகவே சொல்வான். ரோஸ்விதா அந்த நேரம் பார்த்துக் காப்பி ஊற்ற எழுந்துவிடுவாள். மறுத்ததில்லை.

1984 இலையுதிர் காலத்தில் அம்மா படுத்தாள். கடைசி வாரத்தில் யுட்டா வந்தாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. அம்மா யுட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. சின்ன வயசுல நீ திருடினியே, அக்கா மேல பொய் சொன்னியே, அதெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்டி. மனசுல வெச்சுக்காத."

யுட்டா தலையை மட்டும் உயர்த்தி அக்காவைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். ரோஸ்விதாவின் வாய் திறந்தது. சாகப்போகிறவளிடம் இப்போது எதற்கு என்று தோன்றியது. அமைதியாகப் போகட்டுமே என்று தோன்றியது. உண்மையில் அது பயம், வேறொன்றுமில்லை. ஜன்னலோரம் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, "வெயில் கண்ணுல அடிக்குதில்லம்மா?" என்றாள்.

அம்மா இரண்டு நாளில் போய்விட்டாள்.

அந்த டிசம்பரில் ரோஸ்விதா முதன்முறையாகச் சர்க்கரையில்லாத மசாலா பிஸ்கட் சுட்டு யுட்டாவுக்கு அனுப்பினாள். கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தாள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மாவு பிசையப் போனாள். முதல் வருடம் சாக்கரின். அதே தகரக் கசப்பு. பிறகு மருந்துக் கடையில் விற்ற வேறொரு இனிப்புப் பொடி. அதைத் தின்ற லோதார் ஒரு நாள் முழுக்கக் கழிப்பறையை விட்டு வரவில்லை. "உன் தங்கச்சியைக் கொல்லப் போறியா, என்னையா?" என்று உள்ளேயிருந்து கத்தினான். கடைசியில் தோட்டத்துப் பேரிக்காய் கைகொடுத்தது. அடுப்போரத்தில் காயவைத்து, ஊறவைத்து, நாள் முழுவதும் வேகவைத்துக் கறுப்பாகக் குழம்பாக்கி ரை மாவில் கலந்தாள். கொட்டையை வறுத்து அரைத்துச் சேர்த்தாள். இனிப்பு குறைகிற இடத்தில் ஏலக்காயும் சோம்பும் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும் என்று கண்டுகொண்டாள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று அது வாயில் வைக்கிற மாதிரி வருவதற்கு. கிழக்கும் மேற்கும் ஒரே ஜெர்மனியாயின, ஆலை மூடியது, லோதார் இறந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் பிறந்தால் பொட்டலம் மட்டும் தவறாமல் வடக்கே போனது.

ஒவ்வொரு முறையும் ஓர் அஞ்சலட்டை வரும். "டப்பா வந்தது. நன்றி. யுட்டா." ஜனவரியில் கழுவித் துடைத்த டப்பா திரும்பி வரும். காலி டப்பாவைப் பார்க்கும்போது ரோஸ்விதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். தின்றிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

2013இல் யுட்டாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று தெரிந்தது. பொட்டலம் கட்டிய ரோஸ்விதா அதை அஞ்சலில் சேர்க்காமல் கையில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். அறுபத்தேழு வயதில், தங்கையின் வீட்டுக்கு அதுதான் முதல் முறை.

மூன்றாவது மாடி. கதவு திறந்திருந்தது. சமையலறையில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, நீங்கதானா அந்த அக்கா? வருஷா வருஷம் நாங்க காத்துக்கிட்டே இருப்போங்க. என் பேரப் பசங்களுக்கு உங்க பேரிக்காய் பிஸ்கட் இல்லன்னா கிறிஸ்துமஸே கிடையாது."

அவர் போன பிறகு ரோஸ்விதா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ சாப்பிட்டதே இல்லையா?"

"இல்ல. முதல்ல லேப்ல குடுத்தேன். அப்புறம் இவருக்கு." யுட்டா மேசையைத் தடவிப் பார்த்துக் கோப்பையை வைத்தாள். "பேரிக்காய்லயும் சர்க்கரைதான் ரோஸி இருக்கு. அதுக்கும் கணக்குப் பண்ணித்தான் ஊசி போடணும். இப்போ பேனா மாதிரி ஊசி வந்துடுச்சு. வேணும்னா சாதா கேக்கே சாப்பிடறேன். போன ஞாயித்துக்கிழமைகூடச் சாப்பிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"நீயும் சொல்லியிருக்கலாம்."

கீழே டிராம் போகிற சத்தம் கேட்டது. ரோஸ்விதா அப்போதுதான் சொன்னாள். நான்தான் கொடுத்தேன், பென்சிலுக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தேன், ஆற்றில் போட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பத்தாறு வருடம் தொண்டையில் நின்றது, சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்ற?" என்றாள் யுட்டா. குரலில் கோபம் இல்லை. "எனக்குத் தெரியாததா? நான்தானே தின்னேன். எனக்கு வேண்டியது பிஸ்கட் இல்ல ரோஸி. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு என்னை மன்னிச்சா பாரு, அப்போ நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நினைச்சேன். நீ திரைச்சீலையை இழுத்த."

ரோஸ்விதா அழுதாள். யுட்டா அவளைத் தேற்றவில்லை. எழுந்து போய் ஜன்னல்படியில் இருந்த பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

"அம்மா போயாச்சு. அப்பா போயாச்சு. உன் பொண்ணு இருக்கா. அவகிட்ட சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்தில் ரோஸ்விதா மகளிடம் சொன்னாள். கெர்ஸ்டின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சித்தி வந்தா பாட்டி அலமாரியைப் பூட்டுவாங்க" என்றாள். "நானும் என் சாக்லேட்டை எல்லாம் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வைப்பேன். ஒரு தடவை சித்தி அதைப் பாத்துட்டாங்க. எனக்கு ஆறு வயசு. 'ஒளிக்காத கண்ணு, நான் எடுக்க மாட்டேன்'னு சொன்னாங்க. நீ பக்கத்துலதாம்மா நின்னுக்கிட்டிருந்த."

ரோஸ்விதாவுக்கு அது நினைவில்லை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது. நினைவில் வைத்துக்கொள்ளாத இன்னும் எத்தனை இருக்கும் என்று அன்று முழுவதும் யோசித்தாள்.

கெர்ஸ்டின் சித்திக்குத் தொலைபேசியில் பேசினாள். என்ன பேசினார்கள் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. மறு வருடம் கிறிஸ்துமஸுக்கு யுட்டா வந்தாள். தங்கியது கெர்ஸ்டினின் வீட்டில், அக்காவின் வீட்டில் அல்ல. இருபத்தைந்தாம் தேதி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ரோஸ்விதா இரண்டு தட்டு வைத்திருந்தாள். ஒன்றில் பாகு பூசியவை, மற்றதில் பேரிக்காய் போட்டவை. யுட்டா இரண்டையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, பேரிக்காய் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து மெதுவாக மென்றாள்.

"கிராம்பு ஜாஸ்தி" என்றாள்.

"அடுத்த தடவை குறைச்சுடறேன்."

"ம்."

அடுத்த தடவை யுட்டா வரவில்லை. சிறுநீரகம் கெட்டு, கோடையிலேயே அந்தத் துறைமுக நகரத்து மருத்துவமனையில் இறந்துபோனாள். மன்னித்தேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ரோஸ்விதாவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவள் நினைத்தாள். அக்டோபரில் பேரிக்காய் பழுத்து உதிர ஆரம்பித்தபோது கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றாள். ஒன்றையும் பொறுக்காமல் வீட்டுக்குள் திரும்பினாள்.