ஒன்பது வருடப் பூட்டு

பல்கலைக்கழகத்தில் அவரைக் குண்டு மேடம் என்றால்தான் தெரியும். மாணவியாக இருந்தபோது குண்டு எறிதலில் அவர் வைத்த சாதனையை இருபத்திரண்டு வருடம் யாரும் தாண்டவில்லை. உடம்பும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி வாய் தவறி அவர் எதிரிலேயே அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, "குண்டு எறிஞ்சவளைக் குண்டுன்னு சொல்லாம ஈட்டின்னா சொல்லுவாங்க? போ, நாலு ரவுண்டு ஓடிட்டு வா" என்றார்.

உடற்கல்வித் துறையில் உதவியாளராகச் சேர்ந்தவர். பதினேழு வருடம் பந்துக்குக் காற்றடித்து, வலை கட்டி, யாரோ போட்ட திட்டத்துக்கெல்லாம் ஓடியாடி, கடைசியில் விளையாட்டுத் துறை இயக்குநர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். வாழ்த்துச் சொல்லும்போதே பதிவாளர் ஒரு யோசனையும் சேர்த்துச் சொன்னார்.

"கிரவுண்டுக்கெல்லாம் நீங்க அலைய வேண்டாம் மேடம். உதவி இயக்குநர் பார்த்துப்பார். நீங்க ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்து போட்டாப் போதும்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தவர், மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு விசிலோடு மைதானத்தில் நின்றார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று இரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருந்த உதவி இயக்குநர், ஆறரை மணிக்குக் கொட்டாவியோடு வந்து, அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

முதலில் கால அட்டவணையில் கை வைத்தார். சாயங்காலம் முழுக்க ஆண்கள் அணிகளுக்கு. பெண்களுக்கு மதியம் ஒன்றரை மணி, உச்சி வெயில். "பசங்களுக்கு வெயில் ஒத்துக்காதோ?" என்று கேட்டு, ஒரு வாரம் இவர்கள், ஒரு வாரம் அவர்கள் என்று மாற்றிப் போட்டார். கால்பந்துப் பயிற்சியாளர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே வலித்திருக்க வேண்டும், இறக்கி வைத்துவிட்டார்.

ஆனால் ஒரு அறை மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை.

மைதானத்துப் பார்வையாளர் மாடத்தின் கீழே இரண்டு அறைகள். ஒன்றில் ஆண்கள் உடை மாற்றினார்கள். இன்னொன்று பெண்களுக்கு என்று கட்டட வரைபடத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தேர்வுப் பிரிவில் இடம் இல்லை, ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி, பழைய விடைத்தாள் கட்டுகளை அதில் அடுக்கிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஒரு வாரம் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மாடத்துப் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு பேர் போர்வையை விரித்துப் பிடிக்க, மூன்றாமவள் உள்ளே குனிந்து உடை மாற்றுவாள். இயக்குநரான ஐந்து வருடத்தில் மேடம் பதினொரு கடிதம் எழுதியிருந்தார். பதினொன்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது.

அந்த வருடம் கைப்பந்து அணித்தலைவியின் அப்பா அவரைத் தேடி வந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, உக்காருங்க."

"இல்ல மேடம், டியூட்டி இருக்கு. நேத்து பிள்ளைங்க துணி மாத்துறப்ப எவனோ ஒருத்தன் மேல் படியில இருந்து போனை நீட்டியிருக்கான். நீங்க அவனைப் புடிச்சு, போனை வாங்கி, போலீஸ்ல கொடுத்ததெல்லாம் கேள்விப்பட்டேன். ரொம்ப நன்றி. ஆனா பாப்பா இனிமே வரமாட்டா."

"அவ இல்லாட்டி அணியே இல்லைங்க."

"நான் விளையாடத்தான் அனுப்பினேன் மேடம். படிக்கட்டுக்கு அடியில துணி மாத்த அனுப்பல."

அவர் குரலை உயர்த்தவில்லை.

மேடம் நேராகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் போனார். சாவி கேட்டார். கட்டுப்பாட்டாளர் கண்காணிப்பாளரைக் கேட்டார், கண்காணிப்பாளர் எழுத்தரைக் கேட்டார், எழுத்தர் மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். சாவி இல்லை.

"சாவி எங்க இருக்குன்னே தெரியாத ரூமை யாருக்காக சார் பூட்டி வச்சிருக்கீங்க?"

"கோப்பு மேல போயிருக்கு மேடம். கொஞ்சம் பொறுங்க."

"பத்து நாள் பொறுக்கிறேன். பதினொண்ணாவது நாள் நானே திறந்துக்கறேன்" என்று சொல்லி, அதையே எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தலையில் கை வைத்துக்கொண்டார். "ரிடையர் ஆக இன்னும் ஆறு வருஷம்தான். கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"குண்டைக் குனிஞ்சுதாங்க எடுப்போம். ஆனா நிமிராம அது கையை விட்டுப் போகாது. நான் பதினேழு வருஷம் குனிஞ்சாச்சு."

பதினோராம் நாள் காலை மைதானக் காவலாளி கடப்பாரை கொண்டு வந்தார். நெம்பப் போனவரை மேடம் தடுத்தார். "அண்ணே, நீங்க தள்ளி நில்லுங்க. நாளைக்கு விசாரணைன்னு வந்தா இதுல என் கை மட்டும்தான் பட்டிருக்கணும்." ஒரே நெம்பில் பூட்டு தெறித்தது. உள்ளே கூரை வரைக்கும் கட்டுகள். கரையான் அரித்த தூசி. மாணவிகள் ஓடி வந்தார்கள்.

"யாரும் ஒரு காகிதத்தைக்கூடத் தொடக்கூடாது. நீங்க தொட்டா அது கலவரம். நான் தொட்டா அது நிர்வாகம். போய் வார்ம்-அப் பண்ணுங்க."

ஐம்பத்து நான்கு வயதில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டு கட்டாகத் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, தேர்வுப் பிரிவு வராந்தாவில் எண் வரிசைப்படி அடுக்கினார். நானூற்றுப் பன்னிரண்டு கட்டுகள். எழுபதாவது கட்டில் முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தபோது உதவி இயக்குநர் எதிரில் நின்றார். புகார் சொல்ல ஃபோட்டோ எடுக்க வந்திருக்கிறார் என்றுதான் மேடம் நினைத்தார். அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், நானும் நிர்வாகம்தானே?"

"வேலைக்கு ஆபத்துய்யா."

"உங்களுக்கு மட்டும் இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டைத் தூக்கினார்.

மூன்றாம் நாள் இருவரும் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தார்கள். விசாரணைக் குழுவில் மூன்று பேராசிரியர்கள்.

"பூட்டை உடைத்தது நீங்கள்தானா?"

"நான்தான். உதவி இயக்குநர் நான் சொன்னதைச் செஞ்சார், அவ்வளவுதான்."

"யாருடைய உத்தரவு?"

வரைபடத்தை மேசையில் விரித்தார். "பெண்கள் உடை மாற்றும் அறைன்னு போட்டிருக்கு. துணைவேந்தர் கையெழுத்து இருக்கு. இதைவிடப் பெரிய உத்தரவு இருந்தாச் சொல்லுங்க."

குழுத் தலைவர் நல்லவர்தான். குரலைத் தாழ்த்தினார். "வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி எழுதிக் கொடுங்க மேடம். இதோட முடிச்சிடலாம்."

மேடம் காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்தார். தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'இதைச் செய்ய ஒன்பது வருடம் ஆனதற்கு வருந்துகிறேன்.'

கட்டுகளைச் சரிபார்த்தபோது, அவற்றை ஆறு வருடத்துக்கு முன்பே அழித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் அவற்றைப் பற்றிப் பேசவில்லை. உதவி இயக்குநரை ஒரு மாதத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மேடத்துக்கு நான்கு மாதம் ஆனது. பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனமும் ஏறியது. அதை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம் என்று பதிவாளர் சொன்னபோது, "இருக்கட்டும் சார், அதுவும் நான் பண்ண வேலைதானே" என்றார்.

அவர் இல்லாத அந்த மாதங்களில் மாணவிகள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கொக்கியும் கண்ணாடியும் மாட்டியிருந்தார்கள். பேருந்து ஓட்டுநர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உள்ளே நின்று, தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, மகளை அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். அந்த வருடம் கைப்பந்து அணி முதல் சுற்றிலேயே தோற்றது. பயிற்சி விட்டுப்போனால் அப்படித்தான். அடுத்த வருடம் அரையிறுதி வரை போனார்கள்.

திரும்ப வேலைக்கு வந்த முதல் வாரமே மேடம் ஒரு புதுக் கோப்போடு பதிவாளர் அறைக்குப் போனார். பதிவாளர் அவரைக் கண்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப எந்தப் பூட்டு மேடம்?"

"பூட்டெல்லாம் இல்ல சார். நீச்சல் குளத்துக் கழிவறை. கதவே இல்ல."